பேட்டரி இல்லாத சென்சார்: வாங்குமுன் மோட்டாரை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடக்கும் இயந்திரக் கண்காட்சிகளில் "பேட்டரியே வேண்டாம்" என்று எழுதி வைத்த சென்சார்கள் இப்போது கண்ணில் படுகின்றன. மோட்டாரின் அதிர்விலிருந்தோ சூட்டிலிருந்தோ தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொண்டு, பேரிங் எப்படி இருக்கிறது என்பதை வயர் இல்லாமலே ஃபோனுக்கு அனுப்பிவிடும் என்கிறார்கள். விற்பவர் அதன் உள்ளே இருக்கும் மெல்லிய தகட்டை விரலால் ஒரு சுண்டு சுண்டுகிறார். சின்ன எல்இடி பளிச்சென்று எரிகிறது. பார்ப்பவருக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் பக்கத்துச் சிறு தொழிற்கூடங்கள் அந்த ஒரு சுண்டலை நம்பிப் பணம் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

இந்தத் தொழில்நுட்பம் பொய் என்று சொல்ல வரவில்லை. நன்றாக வேலை செய்யும் இடங்கள் இருக்கின்றன. ஆனால் விரல் வேறு, மோட்டார் வேறு. விரலால் சுண்டினால் தகடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளைகிறது. 100 ஹெர்ட்ஸில் 0.1 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஒரு பங்கு) அளவுக்கு அதிரும் மோட்டார் உடல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்வது வெறும் 2.5 மைக்ரான், தலைமுடித் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அசைவில், முனையில் 10 கிராம் எடை வைத்த நல்ல பீசோ தகடு (வளைந்தால் மின்சாரம் தரும் பீங்கான் தகடு) ஒன்று, அதிர்வெண் கச்சிதமாகப் பொருந்தினால், கணக்குப்படி அதிகபட்சம் 100 மைக்ரோவாட் தரும். ஏசியை டிசியாக்கி வோல்டேஜைச் சீராக்குவதற்குள் 70 மைக்ரோவாட் மிஞ்சினால் பெரிய விஷயம். ஒரு சாதாரண எல்இடி 2 மில்லி ஆம்பியரில் எரிந்தாலே 4 மில்லிவாட், அதாவது 4000 மைக்ரோவாட் தின்னும். ஸ்டாலில் எரிந்த விளக்கை மோட்டார் மேல் வைத்துத் தொடர்ந்து எரிய வைக்கவே முடியாது.

70 மைக்ரோவாட்டை வைத்து என்ன செய்யலாம்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேரிங் கோளாறைப் பிடிக்கக்கூடிய அதிர்வுச் சிப் ஒரு நொடி கேட்க, 1 மில்லி ஆம்பியர், 3.3 வோல்ட் என்றால் 3.3 மில்லிஜூல். கேட்டதை அலசிச் சுருக்க ஏறத்தாழ 1.7 மில்லிஜூல். குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் எட்டும் லோரா ரேடியோவில் ஒரு சிறு செய்தி அனுப்ப 40 மில்லி ஆம்பியர் வீதம் 60 மில்லி நொடி, அது 8 மில்லிஜூல். ஆக ஒரு சுற்றுக்கு 13 மில்லிஜூல். நடுவில் தூங்கும் நேரத்திலும் 5 மைக்ரோ ஆம்பியர் போகும். அதுவே 16 மைக்ரோவாட். சேமிப்புக் கெபாசிட்டரின் கசிவுக்கு இன்னொரு 10 மைக்ரோவாட் ஒதுக்குங்கள். மிச்சம் 44. அதில் 13 மில்லிஜூல் சேர ஐந்து நிமிடம் ஆகும். பாதுகாப்புக்கு இடம் விட்டால் கால் மணி நேரத்துக்கு ஒரு முறை என்பதே நேர்மையான பேச்சு. பேரிங் ஒரே நிமிடத்தில் போய்விடுவதில்லை, வாரக் கணக்கில்தான் கெடும். ஆகவே கால் மணி நேர இடைவெளி தாராளமாகப் போதும். "பத்து நொடிக்கு ஒரு முறை" என்று யாராவது சொன்னால் அதற்கு மட்டும் 1300 மைக்ரோவாட் வேண்டும். அது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

அடுத்தது அதிர்வெண். இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். பீசோ தகடு வீணைத் தந்தி மாதிரி. தன் சுருதியில் மட்டுமே பெரிதாக ஆடும். மின் மோட்டாரில் காந்த இழுப்பு ஒரு சைக்கிளுக்கு இரண்டு முறை உச்சம் தொடுவதால், 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் உடல் 100 ஹெர்ட்ஸில் அதிரும். அமெரிக்காவில் சப்ளை 60 ஹெர்ட்ஸ், அங்கே 120. அந்த நாட்டுச் சந்தைக்காக 120 ஹெர்ட்ஸுக்குச் சுருதி கூட்டிய ஹார்வெஸ்டரை (அதிர்விலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவியை) இங்கே மாட்டினால், அதே அளவு அதிர்வில் நூறில் ஒரு பங்கு மின்சாரம்தான் கிடைக்கும். பழுது எதுவும் இல்லை, சுருதிதான் வேறு. பெட்டியின் மேல் 60 அல்லது 120 ஹெர்ட்ஸ் என்று அச்சாகியிருந்தால் வாங்காதீர்கள்.

சுழல் வேகத்துக்குச் சுருதி கூட்டுவதும் ஆபத்து. நான்கு போல் மோட்டார் முழு லோடில் 1440 ஆர்பிஎம், அதாவது 24 ஹெர்ட்ஸ். லோடு இல்லாமல் ஓடினால் கிட்டத்தட்ட 25. இந்த நான்கு சதவீத நகர்வே தகட்டைச் சுருதியிலிருந்து வெளியே தள்ளிவிடும். 100 ஹெர்ட்ஸ் அப்படி நகராது, கிரிட் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் அது மோட்டார் உடலில்தான் பலமாக இருக்கும். கப்ளிங் தாண்டிப் பம்பிலோ கியர் பாக்ஸிலோ தேடினால் அவ்வளவாகக் கிடைக்காது. விஎஃப்டி (சப்ளை அதிர்வெண்ணை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்) போட்ட மோட்டார் என்றால் இரண்டுமே நிலையில்லை. டிரைவ் 35 ஹெர்ட்ஸில் ஓடினால் காந்த அதிர்வு 70-க்கு இறங்கிவிடும். விஎஃப்டி மோட்டாருக்கு அதிர்வு ஹார்வெஸ்டர் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

இதைவிட முக்கியமான ஒன்றை விற்பவர்கள் வாயே திறப்பதில்லை. நல்ல நிலையில் உள்ள இயந்திரம் அதிகம் அதிராது. 15 கிலோவாட் வரையிலான சிறு இயந்திரங்களுக்கு ஐஎஸ்ஓ 10816 என்ற பன்னாட்டுத் தரநிலை காட்டிய அதிர்வு வேக எல்லைகள் நொடிக்கு 0.71, 1.8, 4.5 மில்லிமீட்டர். முதல் எண்ணுக்குக் கீழே இருந்தால் புதுசு போல, 1.8-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும், 4.5-ஐத் தாண்டினால் நிறுத்த வேண்டும். சுழல் வேக அதிர்வில் இயங்கும் ஹார்வெஸ்டருக்குக் கிடைக்கும் மின்சாரம் இந்த எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.8-ல் அதிர்ந்த மோட்டாரை அலைன்மென்ட் பார்த்து, அடி போல்ட்டை முறுக்கி 0.71-க்குக் கொண்டு வந்தால் வரத்து ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். 4.5-லிருந்து இறக்கினால் நாற்பதில் ஒரு பங்கு. மெக்கானிக் ஒழுங்காக வேலை பார்த்த மறுநாள் சென்சார் ஊமையாகிவிடும். "சென்சார் போச்சு" என்று கழற்றி வைத்துவிடுவார்கள். ஆகவே கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது இயந்திரம் மிக நன்றாக ஓடும் நாளின் அதிர்வைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கெட்டுப்போன நாளின் அதிர்வை எடுத்தால், பழுது பார்த்த பிறகு கண்காணிக்க ஆளில்லை.

எங்கே மாட்டுவது என்பதிலும் ஒரு முரண் உண்டு. மோட்டார் பின்பக்க விசிறி மூடி மெல்லிய தகரம், நன்றாக ஆடும். ஹார்வெஸ்டருக்கு அது விருந்து. பேரிங் கோளாறின் ஒலியோ அந்தத் தகரத்துக்கு ஒழுங்காக வந்து சேராது. சென்சாருக்கு வேண்டியது பேரிங் ஹவுசிங்கின் கெட்டியான வார்ப்பு இரும்பு. அங்கே ஹார்வெஸ்டருக்குப் பட்டினி. இரண்டையும் ஒரே டப்பாவில் அடைத்தவர்கள் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஒரு முழ நீளக் கேபிளில் இரண்டையும் பிரித்து மாட்ட வசதி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். சென்சாரைக் காந்தத்தால் ஒட்ட வைப்பதும் வசதிக்காகத்தான். 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அளவு நம்பிக்கையாக இருக்காது. எம் 6 அல்லது எம் 8 ஸ்டட் போட்டு முறுக்குவதே சரி. இடம் தேய்த்து, பெயின்ட் நீக்கி, இரும்பு தெரிந்த பிறகு மாட்டுங்கள். மோட்டாரின் குளிர்விக்கும் துடுப்புகளுக்கு நடுவே செருகுவது காற்றை அடைக்கும், அதுவும் வேண்டாம்.

சேமிப்புக் கெபாசிட்டரில் ஒளிந்திருக்கும் திருடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரு சுற்றுக்கான 26 மில்லிஜூலை 5 வோல்ட்டுக்கும் 3.5 வோல்ட்டுக்கும் இடையில் தர, 4000 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் வேண்டும். ரிச்சி தெருவில் கைக்குக் கிடைக்கும் 4700 மைக்ரோஃபாரட் எலெக்ட்ரோலிட்டிக்கைப் போட்டுவிடத் தோன்றும். அதன் டேட்டா ஷீட்டில் கசிவு வரம்பு கொள்ளளவும் வோல்டேஜும் பெருக்கியதில் நூறில் ஒரு பங்கு என்று இருக்கும்: 235 மைக்ரோ ஆம்பியர். 5 வோல்ட்டில் அது ஒரு மில்லிவாட்டுக்கும் மேல். வரத்து 70 மைக்ரோவாட். ஓட்டைப் பானையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பிடிப்பதுதான். பல நாள் சார்ஜில் இருந்தால் கசிவு குறையும் என்பது உண்மை, ஆனால் தகரக் கூரைக்கு அடியில் மே மாதச் சூட்டில் அது மறுபடி ஏறும். கசிவு குறைந்த சூப்பர் கெபாசிட்டர் நல்லது. அதுவும் இரண்டு மூன்று நாள் சார்ஜில் நின்ற பிறகே சில மைக்ரோ ஆம்பியருக்கு அடங்கும். 0.1 ஃபாரட்டைக் காலியிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு நிரப்ப 70 மைக்ரோவாட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் நாள் செய்தி வரவில்லையே என்று அவசரப்படக் கூடாது. பல சூப்பர் கெபாசிட்டர்கள் 70 டிகிரிக்கு மேல் தாங்காது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயுத பூஜைக்கோ பொங்கலுக்கோ இரண்டு மூன்று நாள் இயந்திரம் நிற்கும். கெபாசிட்டர் காலியாகிவிடும். மறுபடி ஓட ஆரம்பித்ததும் மோசமாக வடிவமைத்த கருவி என்ன செய்யும் தெரியுமா? வோல்டேஜ் சற்று ஏறியதும் கண் விழிக்கும், உடனே நெட்வொர்க்கில் சேர ரேடியோவைத் திறக்கும், வோல்டேஜ் சரிந்து அணையும். மறுபடி ஏறும், மறுபடி விழிக்கும், மறுபடி அணையும். நாள் முழுக்க இதே கதை. சேமிப்பு நன்றாக நிரம்பும்வரை புராசசருக்கு மின்சாரமே விடாத காவல் சுற்று கட்டாயம் வேண்டும். எல்டிசி 3588 போன்ற பீசோவுக்கென்றே செய்த சிப்களில், வெளியீடு சரியான அளவை எட்டியதைச் சொல்லும் கால் ஒன்று உண்டு; அதைப் பயன்படுத்தியிருக்கிறார்களா என்று கேட்டால் விற்பவரின் ஆழம் தெரிந்துவிடும். ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜும் அப்படியே. சாதாரண சிலிக்கான் என்றால் இரண்டு டயோடில் 1.4 வோல்ட் போய்விடும். ஷாட்கி வகை டயோடு குறைவாக எடுக்கும், ஆனால் சூட்டில் பின்னோக்கிக் கசியும்.

மல்டிமீட்டரை நேரடியாக ஹார்வெஸ்டரில் வைத்து "12 வோல்ட் காட்டுது பாருங்க" என்றால் மயங்காதீர்கள். மீட்டர் கிட்டத்தட்ட எதையும் இழுப்பதில்லை. வோல்ட் இருக்கும், சக்தி இருக்காது. 10, 22, 47, 100, 220 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாகக் குறுக்கே போட்டு, உங்கள் மோட்டார் மேல் ஓட விட்டு, வோல்டேஜை எழுதிக்கொள்ளுங்கள். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓம்மால் வகுங்கள். 100 கிலோ ஓம்மில் 3 வோல்ட் வந்தால் 90 மைக்ரோவாட். எந்த ரெசிஸ்டரில் பெரிய எண் வருகிறதோ அதுதான் அந்தக் கருவியின் உண்மையான பலம். ஐந்து ரெசிஸ்டர், அரை மணி நேரம், அவ்வளவுதான் செலவு. ஃபோன் ஆப் வைத்து அதிர்வு பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நொடிக்கு 200 முறைக்கு மேல் அளக்காத ஃபோன் 100 ஹெர்ட்ஸை உள்ளபடி காட்டாது. சுழல் வேகத்துக்கு மட்டும் அதை நம்பலாம்.

உண்மையில் மோட்டார் விஷயத்தில் அதிர்வைவிட எளிய வழி பக்கத்திலேயே இருக்கிறது. மோட்டாருக்குப் போகும் கேபிள்! பிளவுபட்ட உள்ளக வளையத்தில் 1000 சுற்றுச் சுற்றிய சிடியை (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மரை) ஒரு ஃபேஸ் வயரைச் சுற்றி மாட்டினால், 5 ஆம்பியர் ஓட்டத்துக்கு 5 மில்லி ஆம்பியர் கிடைக்கும். 3.3 வோல்ட்டில் இழப்பெல்லாம் போக 10 மில்லிவாட் எதிர்பார்க்கலாம். பீசோவைப்போல் நூறு மடங்கு. மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்பதும் இலவசமாகத் தெரியும். செய்தி வராதது மோட்டார் நின்றதாலா, சென்சார் பட்டினியாலா என்ற குழப்பம் இல்லை. அடிக்கடி நடக்கும் தவறு, மூன்று ஃபேஸும் சேர்ந்த முழுக் கேபிளைச் சுற்றி மாட்டுவது. மூன்றின் கூட்டு பூஜ்யம், ஒன்றும் வராது. ஒற்றை வயரைத்தான் பிடிக்க வேண்டும். அடுத்தது, சிடியின் வெளிமுனைகளைத் திறந்து வைப்பது. லோடு இல்லாத சிடியில் வோல்டேஜ் எகிறி ஷாக் அடிக்கும், சுற்றும் எரியும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் மோட்டார் ஆறு மடங்கு கரன்ட் இழுக்கும் என்பதால், அதையும் தாங்கி வோல்டேஜை எகிற விடாமல் பிடிக்கும் செனர் அல்லது டிவிஎஸ் டயோடு சிடியை ஒட்டியே இருக்க வேண்டும். ஐசொலேட்டரை ஆஃப் செய்து பூட்டுப் போட்ட பிறகு, உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் கையால் மட்டுமே இதை மாட்டுங்கள்.

சூட்டிலிருந்து எடுப்பதும் நம் ஊரில் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டியது. 127 ஜோடி கொண்ட பிஸ்மத் டெல்லுரைடு தகடு, இரு பக்கத்துக்கும் இடையே ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 0.05 வோல்ட் தரும். 70 டிகிரி மோட்டார் உடல், 40 டிகிரி கத்திரி வெயில். 30 டிகிரி வித்தியாசம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் தகடு சூட்டை எளிதில் விட்டுவிடும், அதன் மேல் ஒட்டிய சின்ன ஹீட் சிங்க் விடாது. காற்றோட்டம் இல்லாத ஷெட்டில் தகட்டுக்குக் குறுக்கே 7 டிகிரிதான் மிஞ்சும். அதிலும் 0.35 வோல்ட், வோல்டேஜ் மாற்றிக்கு முன்னால் 12 மில்லிவாட் வரும். பாதி இழந்தாலும் பீசோவைவிட எவ்வளவோ மேல். எல்டிசி 3108 போன்ற சிப் 20 மில்லிவோல்ட்டிலிருந்தே எழும் என்பதால் வோல்டேஜ் குறைவு பிரச்சினை இல்லை. எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் ஹீட் சிங்கில் படிவதே பிரச்சினை. மாதம் ஒரு முறை துடைக்கவில்லை என்றால் வரத்து இறங்கிக்கொண்டே போகும். எண்ணூர், மணலி பக்கம் உப்புக் காற்றில் அனோடைஸ் செய்யாத அலுமினியம் சீக்கிரமே பூத்துவிடும்.

வண்டிகளில் எங்கள் நிலைப்பாடு எளிது. வயர் போகும் இடத்தில் வயரே போடுங்கள். 12 அல்லது 24 வோல்ட் பேட்டரி வண்டியில் ஏற்கெனவே இருக்கிறது. சுழலும் பாகங்களுக்குத்தான் வேறு வழி வேண்டும், முக்கியமாக டயருக்கு. 2020-ல் வந்த மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, டயர் அழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. ஸ்டெப்னி இல்லாத காரில் அந்த சென்சார் செத்தால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். டயரின் காற்று வால்வோடு வரும் சென்சார்களில் பேட்டரியைப் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள், தீர்ந்தால் முழுசாக மாற்ற வேண்டும். அங்கே ஹார்வெஸ்டர் வைத்தால் என்ன என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் ரிம் மேல் 110 ஜி-க்கு மேல் வெளித்தள்ளு விசை. 10 கிராம் எடை ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். சாதாரணப் பீசோ தகடு வெளிப்பக்கம் வளைந்து ஒட்டிக்கொள்ளும், இல்லை விரிசல் விடும். டயரின் உள்பக்கச் சுவரில் ஒட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் சாலையைத் தொடும்போது ஒரு நசுங்கல் கிடைக்கும், நொடிக்குப் பன்னிரண்டு முறை. ஒட்டும் பசைதான் அங்கே முதலில் தோற்கும். அதோடு, வண்டி இரவில் நிற்கும்போதும் டயரில் காற்று மெல்ல இறங்குகிறது. ஓடினால் மட்டும் மின்சாரம் தரும் கருவி, காலையில் வண்டியை எடுக்கும் நேரத்தில் பேச முடியாமல் இருக்கும். இன்றைக்கு டயருக்குப் பேட்டரியே சரி.

சரக்கு ரயில் வேகன்களில் மின்சாரமே கிடையாது. எண்ணூர் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றும் வேகனின் அச்சுப் பேரிங் சூடாகிறதா என்று வேகனிலிருந்தே தெரிந்துகொள்ள அதிர்வு ஹார்வெஸ்டரைவிடப் பொருத்தமானது வேறில்லை. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஒரு நிறுவனம் காந்தமும் சுருளும் வைத்த இத்தகைய கருவிகளை இங்கிலாந்துப் பயணிகள் ரயில்களில் ஓட்டிக் காட்டியிருக்கிறது. நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் இதை எடுத்துச் செய்ய வேண்டும் என்பது எங்கள் ஆசை. செய்பவர்கள் காந்தத்தின் தரத்தைக் கவனிக்கட்டும்: சாதாரண என் வகை நியோடிமியம் 80 டிகிரியைத் தாண்டினால் காந்தத்தை நிரந்தரமாக இழக்கும், எஸ்ஹெச் வகை 150 வரை தாங்கும்.

நேர்மைக்காக இதையும் எழுதுகிறோம். ஏஏ அளவு லித்தியம் தயோனில் குளோரைடு செல் ஒன்றில் ஏறத்தாழ 31,000 ஜூல் இருக்கிறது. பத்து வருடத்துக்குப் பிரித்தால் 100 மைக்ரோவாட் வீதம், பீசோ தருவது அதே அளவு. கை எட்டும் இடத்தில், சூடு குறைந்த இடத்தில், அந்த செல்லே போதும். செல் தீர்ந்ததும் கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைக்குப் போகாமல், 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி தயாரிப்பாளரிடம் திரும்பிச் சேர வேண்டும். பீசோ பீங்கானிலும் எடையில் பாதிக்கு மேல் ஈயம் என்பதால் அதையும் அப்படியே ஒப்படையுங்கள்.

ஆகவே விற்பவர்களிடமும் டெண்டர் எழுதும் பொதுத்துறை அதிகாரிகளிடமும் எங்கள் வேண்டுகோள் இது. "பேட்டரி இல்லை" என்ற ஒரு வரி போதாது. எத்தனை ஹெர்ட்ஸில், எத்தனை ஜி-யில், எத்தனை ஓம் லோடில், எத்தனை மைக்ரோவாட் என்று நான்கு எண்களையும் தாளில் கொடுங்கள். ரேடியோ 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய இந்தியப் பட்டையில் இயங்குகிறதா, அமெரிக்காவுக்கான 915-ஆ என்பதையும் எழுதுங்கள். வாங்குபவர்கள் ஆர்டரில் ஒரு நிபந்தனை சேர்க்கட்டும்: எங்கள் மோட்டார் மேல், அலைன்மென்ட் பார்த்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை நிறுத்தமும் சேர்த்து முப்பது நாள் ஓட வேண்டும், மோட்டார் ஓடும் நேரமெல்லாம் கால் மணிக்கு ஒரு செய்தி தவறாமல் வந்த பிறகே பாக்கிப் பணம்.

இப்படிக்கு,
இயந்திரப் பராமரிப்புப் பொறியாளர்கள் சிலர்,
அம்பத்தூர், சென்னை.